பென் பெரியப்பாவை இன்னும் எத்தனை தடவைதான் சாகடிப்பீங்க?

வலைக்குள்எலி | சனி, இரவு 10:40

தூக்கம் வரலைன்னு 2012-ல வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ போட்டு உட்கார்ந்தேன். தப்பு என் மேலதான். கொஞ்ச நேரத்துலயே வயித்துல புளியைக் கரைக்க ஆரம்பிச்சிடுச்சு. இதோ, இந்த மனுஷனை இப்போ சுடப்போறாங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பென் பார்க்கரை ‘பென் மாமா’ங்கறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும். காமிக்ஸ் கணக்குப்படி அவர் பீட்டரோட, அதாவது ஸ்பைடர்மேனோட, அப்பாவுக்கு அண்ணன். நம்ம ஊர்ல அது பெரியப்பா. இந்த இழை முழுக்க அவர் பெரியப்பாதான், மே பெரியம்மாதான். ஆட்சேபணை இருந்தா தனி இழை தொடங்குங்க.

விஷயத்துக்கு வரேன். 2002-ல சாம் ரைமி எடுத்த படத்துல மல்யுத்த மேடையில ஜெயிச்சா 3,000 டாலர்னு சொல்லிட்டு, கையில 100 டாலரைக் கொடுத்து அனுப்புவான் ஒருத்தன். அடுத்த நிமிஷமே அவனோட பணப்பெட்டியைக் கொள்ளையடிச்சுக்கிட்டு ஒரு திருடன் ஓடி வருவான். பீட்டர் ஒதுங்கி நின்னு லிஃப்ட்டுக்கு வழி விடுவான். பத்து வருஷம் கழிச்சு வந்த படத்துல அது பெட்டிக்கடை. பால் வாங்க ரெண்டு சென்ட் குறையுது, கடைக்காரன் தர மாட்டேங்கிறான், அதே மாதிரி ஒரு திருடன், அதே மாதிரி பீட்டர் கண்டுக்காம விடறான். ரெண்டு தடவையும் அந்த அலட்சியத்துக்கு விலையா பெரியப்பா குண்டடி பட்டுத் தெருவுல கிடக்கிறார். 3,000 டாலர் இருந்த இடத்துல ஒரு பால் பாட்டில், மாற்றம் அவ்வளவுதான்.

2007-ல ரைமியோட மூணாவது படம். 2012-ல மறுபடியும் முதல்லேர்ந்து சிலந்திக் கடி. இடையில அஞ்சே வருஷம். அந்த அஞ்சு வருஷத்துல நான் ப்ளஸ் டூ முடிச்சு, இன்ஜினியரிங் சேர்ந்து, நாலு அரியரோட வெளிய வந்தேன். ஒரு ஹீரோ பிறந்து வளர்ந்து காலாவதியாக இதுவா வயசு?

இவங்களுக்கு நம்ம ஞாபகசக்தி மேல இவ்வளவு அவநம்பிக்கை ஏன்னு யாராவது சொல்லுங்க.

கடைசிபெஞ்ச் | சனி, இரவு 10:58

பெரியப்பாவாவது ரெண்டு தடவைதான் தல. பேட்மேனைச் சின்ன வயசுல அநாதையாக்கின துப்பாக்கிச் சூட்டுல அவன் அம்மா மார்த்தா வெய்ன் கழுத்து முத்து மாலை எத்தனை தடவை அறுந்துதுன்னு எண்ணிப் பாரு. 1989-ல அறுந்துச்சு. 2005-ல அறுந்துச்சு. 2016-ல துப்பாக்கியிலேயே சிக்கி, ஸ்லோமோஷன்ல ஒவ்வொரு முத்தா சிதறுச்சு. போதாதுன்னு 2019-ல ஜோக்கருக்குன்னு எடுத்த படத்துலயும் அறுத்துட்டாங்க. அந்தம்மா ஒரே ஒரு நாள் மாலையை வீட்ல கழட்டி வெச்சுட்டு சினிமாவுக்குப் போயிருக்கக் கூடாதா?

மே பெரியம்மாவையும் கவனி. ரோஸ்மேரி ஹாரிஸ், சாலி ஃபீல்ட், மரிசா டோமே. கதையை முதல்லேர்ந்து தொடங்கற ரீபூட்டுக்கு ரீபூட் வயசு குறைஞ்சுக்கிட்டே வராங்க. அடுத்த தடவை பீட்டருக்கு ஜூனியரா காலேஜ் சேர்ந்துடுவாங்க.

குத்தகைக்காரன் | சனி, இரவு 11:21

இதுல ஞாபகசக்தி எங்கேர்ந்து வந்துது? பத்திரத்தைப் படிங்க.

ஸ்பைடர்மேன் காமிக்ஸை வெளியிடற மார்வல் 1996 டிசம்பர்ல திவால் மனு கொடுத்த கம்பெனி. கையில இருந்த ஒரே சொத்து பாத்திரங்கள். ஸ்பைடர்மேனோட பட உரிமை 1999-ல சோனிக்குப் போச்சு. எக்ஸ்-மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் ரெண்டும் ஃபாக்ஸ் பக்கம். கிட்டத்தட்ட எல்லாமே நில குத்தகை மாதிரிதான்: குறிப்பிட்ட காலத்துக்குள்ள அடுத்த படம் எடுக்கலைன்னா உரிமை சொந்தக்காரனுக்கே திரும்பிடும். தரிசாப் போட்டா பிடுங்கிப்பான்னு பேருக்காவது ஒரு உழவு ஓட்டி எள்ளைத் தூவி வைக்கிறோமே, அந்தக் கதைதான்.

இதுக்கு உச்சமான உதாரணம் முதல் ஃபென்டாஸ்டிக் ஃபோர். பெர்ன்ட் ஐக்கிங்கர்னு ஒரு ஜெர்மன் தயாரிப்பாளர்கிட்ட உரிமை இருந்தது. 1992 டிசம்பர் 31-ஓட கெடு முடியுது. குறைஞ்ச செலவுல படம் எடுக்கிற ரோஜர் கோர்மனைப் பிடிச்சு டிசம்பர் 28-ல படப்பிடிப்பைத் தொடங்கிட்டார். பட்ஜெட் சுமார் 10 லட்சம் டாலர். கையை ரப்பர் மாதிரி நீட்டுற ஒருத்தனுக்கும் உடம்பெல்லாம் தீப்பிடிக்கிற ஒருத்தனுக்கும் அந்தக் காசு எந்த மூலைக்கு? படத்தை முடிச்சாங்க, 1993-ல முன்னோட்டம் எல்லாம் காட்டினாங்க, நடிகர்கள் ஊர் ஊராப் போய் விளம்பரம் பண்ணினாங்க. படம் இன்னிக்கு வரைக்கும் முறைப்படி வெளியாகலை. திருட்டு கேசட்ல சுத்தினதுதான். உரிமை மட்டும் பத்திரமா அவர்கிட்டயே இருந்தது.

2012-ல பெரியப்பா செத்தது கதைக்காக இல்லை. வாய்தா தேதிக்காக.

வலைக்குள்எலி | சனி, இரவு 11:34

அதையும் கொஞ்சம் விளக்குங்க. மூணாவது படம்தான் வசூல்ல மூணுலயும் பெரிசு, சுமார் 89 கோடி டாலர். அப்புறம் ஏன் ரைமியை விட்டாங்க?

குத்தகைக்காரன் | சனி, இரவு 11:50

விடலை, அவர்தான் விலகினார். நாலாவது படத்துக்கு 2011 மே மாசம்னு தேதியே குறிச்சாச்சு. கழுகு வில்லனா ஜான் மால்கோவிச் வர்றதா இருந்தது. கதை சரியா வரலை, அந்தத் தேதிக்கு நல்ல படம் தர முடியாதுன்னு ரைமி சொல்லிட்டார். 2010 ஜனவரியில கூட்டணி கலைஞ்சுது. அதே மூச்சுல ரீபூட் அறிவிப்பு.

மால்கோவிச்சுக்கு இந்த விஷயத்துல ஜாதகமே சரியில்லை. 2025 ஃபென்டாஸ்டிக் ஃபோர்ல நடிச்சு முடிச்சார், அங்க எடிட்டிங்ல மொத்தமா வெட்டிட்டாங்க.

மதியக்காட்சி | ஞாயிறு, காலை 9:05

எலி, உங்க கோபம் பத்து வருஷம் லேட். முன்கதையைத் திரும்பச் சொல்ற வியாதி எப்பவோ குணமாகிடுச்சு.

2017 ‘ஹோம்கமிங்’ல சிலந்திக் கடி இல்லை, பெரியப்பா சாவும் இல்லை. அடுத்த படத்துல ஒரு சூட்கேஸ்ல அவரோட மூணு இனிஷியல் தெரியும். மனுஷன் ஒரு பெட்டியாச் சுருங்கிட்டார். 2022 ‘தி பேட்மேன்’ மூணு மணி நேரத்துக்கு நாலு நிமிஷம்தான் குறைவு, அதுல முத்து மாலை எங்கேயும் அறுகலை. 2025 ‘சூப்பர்மேன்’ தொடங்கும்போதே சில வரி எழுத்துல முன்கதை முடிஞ்சிடும், அடுத்த நொடி அடிவாங்கி பனியில வந்து விழறான். அதே மாசம் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர்ல ஒரு டிவி நிகழ்ச்சி மாதிரி காட்டி வேலையை முடிச்சாங்க. 2018 ‘ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன்ல அதையே நக்கலா மாத்திட்டாங்க: ஒவ்வொரு சிலந்தி மனிதனும் வந்து “கடைசியா ஒருதடவை சொல்லிடறேன்”னு அரை நிமிஷத்துல ஒப்பிப்பான். ஆஸ்கார் வாங்கின படம் அது.

ரீபூட்டே கூடாதுன்னா ஒரு கேள்வி. 1997 பேட்மேன் படத்தோட அந்த வரிசை செத்தது. அப்படியே விட்டிருந்தா 2005-ல டைரக்டர் நோலன் வந்திருப்பாரா? ஹீத் லெட்ஜரோட ஜோக்கர் நமக்குக் கிடைச்சிருப்பாரா? பழைய படத்துல கூட்டிப் பெருக்கக் கூட முடியாத அளவு குப்பை சேர்ந்துட்டா வீட்டை இடிச்சுட்டுக் கட்டறதுதான் வழி.

முத்துவிசிறி | ஞாயிறு, காலை 10:30

தம்பிகளுக்கு வணக்கம். நான் இரும்புக்கை மாயாவி தலைமுறை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரை நமக்குக் கொண்டு வந்தது. பரிசோதனைச் சாலை விபத்தில் கை போயிற்று, இரும்புக்கை வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இதை எங்களுக்கு விலாவாரியாக ஒருமுறைதான் சொன்னார்கள். அதன்பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அவர் சுவரில் பிளக் பாயிண்டைத் தேடி விரலை நுழைப்பார், நாங்கள் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்புவோம். நானும் ஒருமுறை தேடினேன். என் அம்மா முதுகில் கொடுத்த அடியில் மறையாமலே போய்ச் சேர்ந்திருப்பேன்.

லயன் காமிக்ஸில் ‘ஸ்பைடர்’ என்று ஒருவர் வந்தார். அவர் பிரிட்டிஷ்காரர், கூரிய காது, குற்ற உலகச் சக்கரவர்த்தியாகத் தொடங்கி நல்லவரானவர். 2002 படத்தின் சுவரொட்டியைப் பார்த்து அவர்தான் என்று நம்பித் தியேட்டருக்குப் போய் ஏமாந்தவன் நான். என் பிரச்சினை உங்களுடையதைவிடப் பழையது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் காமிக்ஸே ரீபூட்டில்தான் வாழ்கிறது. 1985-86இல் சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் தன் உலகங்களை எல்லாம் ஒரே தொடரில் அழித்துவிட்டுச் சூப்பர்மேனை முதலிலிருந்து எழுதியது. 2011-இல் மறுபடியும் 52 புத்தகங்களை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. சினிமாக்காரர்கள் வீட்டுப் பழக்கத்தைத்தான் வெளியே கொண்டு வந்திருக்கிறார்கள்.

படுகளம்77 | ஞாயிறு, மதியம் 12:15

எங்க ஊரு திருவண்ணாமலைப் பக்கம். வருஷா வருஷம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெப்பாங்க. பகல்ல பிரசங்கி படிப்பாரு, ராத்திரி கூத்து. கர்ணன் சாவப்போறான்னு ஊருக்கே தெரியும், எங்க ஆயாவுக்கு வசனமே மனப்பாடம். அப்பவும் கர்ண மோட்சத்தன்னிக்கு விடியிற வரைக்கும் உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கும். வேஷக்காரரு திரைக்குப் பின்னால நின்னு, நான் இன்னார், இன்னார் மகன்னு பாடிட்டுத்தான் வெளிய வருவாரு. உங்க பாஷையில முன்கதை. யாரும் “இதைப் போன வருஷமே சொன்னியே”ன்னு எழுந்து போனதில்லை.

அதனால ஒரே கதையைத் திரும்பச் சொன்னா போரடிக்கும்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். சொல்றவனுக்குச் சரக்கு இல்லைன்னு வேணா சொல்லுங்க.

வலைக்குள்எலி | ஞாயிறு, மதியம் 1:40

படுகளம் அண்ணே, சோறு பாதியில நிக்குது, உங்க பதிவைப் படிச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

சரி, மதியக்காட்சி சொன்னதை ஒத்துக்கறேன். முன்கதை விஷயத்துல நான் பழைய பஞ்சாங்கம். ஆனா நீங்க சொன்ன கூத்துலயே என் பதில் இருக்கு. உங்க ஊர்ல பதினெட்டாம் நாள் என்ன நடக்கும்? தரையில துரியோதனனை மண்ணால பெரிசா படுக்க வெச்சிருப்பாங்க. பீமன் தொடையில அடிப்பான். பாஞ்சாலி கூந்தலை முடிவா. சாயங்காலம் தீமிதி. சபையில அவிழ்த்த கூந்தலை அன்னிக்கு முடியறதைப் பார்த்துட்டுத்தான் ஊர் வீட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் மறுபடி முதல்லேர்ந்து தொடங்க அந்தக் குழுவுக்கு உரிமை வர்றதே அதனாலதான்.

சூது ஆட்டம் முடிஞ்ச ராத்திரியே “டிக்கெட் சரியாப் போகலை, நாளைக்கு வேற பாஞ்சாலி, வேற பாண்டவர், பொறப்புலேர்ந்து ஆரம்பிக்கிறோம்”னு வாத்தியார் சொன்னா உங்க ஆயா என்ன பண்ணும்?

2012 படத்தையே எடுத்துக்குங்க. பெரியப்பாவைச் சுட்டவன் கையில நட்சத்திரம் ஒண்ணு பச்சை குத்தியிருக்கும். பீட்டர் ராத்திரி ராத்திரியா ரவுடிங்களைப் பிடிச்சு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். முகமூடி போடறதே அதுக்காகத்தான். அப்புறம் பல்லி வில்லன் வந்துடும், படம் பச்சைக்காரனை மறந்துடும். அவன் பிடிபடவே இல்லை. 2014-ல ரெண்டாவது பாகம் வந்தது, அதுலயும் இல்லை. அதோட கடைசியில ஆறு வில்லன்கள் சேர்ந்து வரப்போறாங்கன்னு கவசத்தை எல்லாம் வரிசையாக் காட்டினாங்க. வசூல் 70 கோடி டாலருக்கு மேல, அது போதாதாம். 2015 பிப்ரவரியில சோனியும் மார்வலும் கைகோர்த்தாங்க, 2016-ல புது பீட்டரா டாம் ஹாலண்ட் வந்துட்டார். ஆறு வில்லன்களும் கவசத்தை மாட்டாமலே வீட்டுக்குப் போயிட்டாங்க.

ஹென்ரி கேவில் கதை இன்னும் மோசம். 2022 அக்டோபர்ல ‘பிளாக் ஆடம்’ கடைசியில வந்து நின்னார். சூப்பர்மேனாத் திரும்பிட்டேன்னு அவரே வீடியோ போட்டார். டிசம்பர் நடுவுல இனிமே நான் இல்லைன்னு அவரே எழுதினார். ரெண்டு மாசம் கூட ஆகலை. கல்யாண மண்டபம் பேசி, பத்திரிகை அடிச்சு, மாப்பிள்ளையை மாத்தின மாதிரி. அதே வருஷம் ‘பேட்கேர்ள்’னு ஒரு படத்தை எடுத்துட்டு வெளியிடவே இல்லை, பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்க.

தொடங்கட்டும், ஆயிரம் தடவை தொடங்கட்டும். நான் அடகு வெச்ச அக்கறையை மீட்டுக் கொடுத்துட்டுத் தொடங்கட்டும். நோலன் 2012-ல கதையை முடிச்சு, தன் ஆளை இத்தாலியில ஒரு காபிக் கடையில உட்கார வெச்சுட்டுப் போனார். அதனால அடுத்த பேட்மேன் வந்தப்போ எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, வயிறு எரியலை.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, மதியம் 2:02

நட்சத்திரப் பச்சைக்காரன் இந்நேரம் ரிட்டயர் ஆகி பேரன் பேத்தி எடுத்திருப்பான்.

மதியக்காட்சி | ஞாயிறு, மாலை 4:48

எலி, முடிவு முடிவுன்னு கேக்கறீங்க. முடிச்சுக் கொடுத்தப்போ மட்டும் என்ன ஆச்சு? டைரக்டர் ஸ்னைடர் பாதியில விட்டுப் போன ‘ஜஸ்டிஸ் லீக்’கை அவரோட வடிவத்துல வெளியிடச் சொல்லி ரசிகர்கள் வருஷக்கணக்கா போராடினாங்க. பேனர் பிடிச்சாங்க, தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு நன்கொடை திரட்டினாங்க (அது நல்ல காரியம், மறுக்கலை). 2021 மார்ச்ல 242 நிமிஷப் படம் கிடைச்சது. அதோட கடைசிப் பகுதியில என்ன? வராத அடுத்த படத்துக்கு ஒரு கனவு முன்னோட்டம்! முடிவுன்னு கேட்டவங்க கையில புதுசா ஒரு அறுந்த நூலைக் கொடுத்துட்டாங்க. இந்த வியாபாரத்துல நூல் அறுபடறது விபத்து இல்லைங்க, தையலே அப்படித்தான்.

பனிக்காடு | ஞாயிறு, இரவு 9:17 (டொரண்டோ காலை)

2012 படத்தில பீட்டரா நடிச்ச ஆண்ட்ரூ கார்ஃபீல்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். எனக்கு எல்லாரிலயும் பிடிச்சவர் அவர்தான். 2011-ல சான் டியாகோ விழாவில கடையில வாங்கின மலிவு ஸ்பைடர்மேன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, ரசிகன் மாதிரி மைக்குக்கு முன்னால வந்து நடுங்கி நடுங்கி வாசிச்ச மனிசன். அவ்வளவு ஆசையோட வந்தவரை ரெண்டு படத்தோட அனுப்பிவிட்டினம்.

2021 டிசம்பர், ‘நோ வே ஹோம்’. மூண்டு ஸ்பைடர்மேன்களும் ஒண்டாச் சேர்ந்த ஹாலண்டின்ர படம். வெளியில பனி கொட்டுது. நானும் மனுசியும் போனனாங்கள். சுதந்திர தேவி சிலையைச் சுத்திக் கட்டின சாரத்தில இருந்து ஹாலண்டின்ர காதலி எம்ஜே விழுகிறா. ஹாலண்டால பிடிக்க ஏலாமப் போகுது. கார்ஃபீல்ட் பாய்ஞ்சு பிடிச்சுக் கொண்டுவந்து தரையில விடுறார். “உனக்கு ஒண்டும் இல்லையே?” எண்டு கேக்கிறார். அவ ஓம் எண்டுபோட்டு, “உங்களுக்கு?” எண்டு திருப்பிக் கேக்கிறா. அவரால கதைக்க ஏலேல்லை. தலையை மட்டும் ஆட்டுறார். 2014-ல மணிக்கூட்டுக் கோபுரத்தில தன்ர காதலி க்வென்னைப் பிடிக்க விட்ட நூல் ஒரு நொடி பிந்தி அவ செத்துப்போனதை அந்த முகத்தில நான் பார்த்தனான். ஏழு வரியம்.

அந்தக் காட்சிக்கு முதல் தியேட்டரில ஒரே கூச்சல், விசில். அந்த நேரம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பக்கத்தில இருந்த பெரிய தாடிக்காரப் பெடியன் பொப்கோர்ன் பெட்டிக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு இருந்தவன்.

எலி சொன்ன முடிவு ஆண்ட்ரூவுக்குக் கிடைச்சது. வேற ஒருத்தற்ற படத்தில, ஒரு நிமிசத்தில.

குத்தகைக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

அந்த ஒரு நிமிஷத்துக்கு விலை என்னன்னும் பார்க்கணும். 2019 ஆகஸ்ட்ல சோனியும் டிஸ்னியும் பங்குத் தகராறுல பிரிஞ்சு, செப்டம்பர்ல சமாதானமானாங்க. ஆகலைன்னா அந்தப் படமே இந்த வடிவத்துல இல்லை. உலக வசூல் 190 கோடி டாலருக்கு மேல. அறுந்த நூலும் ஒரு சரக்குன்னு அன்னிக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. 2023 ‘ஃப்ளாஷ்’ல 1989 பேட்மேன் மைக்கேல் கீட்டனைத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க, கூட்டம் வரலை. இப்போ டௌனி ஜூனியர் டாக்டர் டூம்ங்கற வில்லன். இரும்பு மனிதனாச் செத்து நாம அழுது முடிச்ச ஆள், வேற முகமூடியில.

வலைக்குள்எலி | ஞாயிறு, இரவு 10:05

பனிக்காடு, அந்தத் தலையாட்டலை நான் மறந்தே போயிருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக 2014 படத்தை மன்னிச்சுட்டேன். 2012 படத்தை இன்னும் மன்னிக்கலை.

டௌனி விஷயம் தனிப் பாவம். 2019-ல விரலைச் சொடுக்கி ஒழுங்கா முடிச்ச கதை அது. அதையும் தோண்டி எடுக்கறாங்க. முடிக்காதது ஒரு குத்தம், முடிச்சதை அவிழ்க்கறது அதைவிடப் பெரிய குத்தம்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 10:20

புதுப் படங்களோட முடிவைச் சொல்றவங்க முன்னாடி ஒரு எச்சரிக்கை போடவும். 2002 படத்துக்கு எச்சரிக்கை கேட்டு எனக்குத் தனிமடல் அனுப்பினவருக்கு: வாய்ப்பில்லை.

ஞாயிறு_சினிமா | ஞாயிறு, இரவு 11:32

மூணு நாளா இல்லை, இப்போதான் இழையைப் படிச்சேன். விதின்னு ஒண்ணு இருக்கு போல, இன்னிக்கு மத்தியானம் என் பையனுக்கு அதே 2012 படத்தைத்தான் போட்டுக் காட்டினேன். அவனுக்கு ஒன்பது வயசு. ஹாலண்ட் மட்டும்தான் தெரியும். ஆரம்பத்துலயே “அம்மா, இந்த பீட்டர் அந்தப் பீட்டரா?”ன்னு கேட்டான். இல்லைடா, வேறன்னேன். “அப்போ அவன் பெரியம்மாவும் வேறயா?” ஆமான்னேன். சரின்னு ஏத்துக்கிட்டான். எதுவும் உறுத்தலை. குழந்தைங்களுக்கு முருகன் ஒரு படத்துல சின்னப்பிள்ளை, இன்னொண்ணுல ரெண்டு மனைவிக்காரர், அவங்க அதுக்கெல்லாம் அசர மாட்டாங்க.

பெரியப்பா செத்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டான். அவனுக்கு அது முதல் தடவை, எலி. அதை மட்டும் சொல்லணும்னுதான் எழுத வந்தேன்.

படம் முடிஞ்சு பேர் எல்லாம் ஓடிச்சு. எழுந்திரு, குளிக்கணும்னு சொன்னா நகர மாட்டேங்கிறான். கடைசி எழுத்து வரைக்கும் உட்கார்ந்திருந்தான். நடுவுல ஒரு துண்டுக் காட்சி வந்தது, அதையும் பார்த்தான், மறுபடியும் உட்கார்ந்தான். என்னடான்னு கேட்டேன்.

“அந்த நட்சத்திரக் கை ஆளு இன்னும் வரலையே.”

வலைக்குள்எலி | ஞாயிறு, இரவு 11:41

அக்கா… என்ன சொன்னீங்க?

ஞாயிறு_சினிமா | ஞாயிறு, இரவு 11:44

ரெண்டாவது படத்துல வருவான்னு சொல்லித் தூங்க வெச்சிருக்கேன். நாளைக்கு ஸ்கூல்.